ஐம்பது நாள் படிப்பும் ஒரு மணி நேரப் பயணமும்

தூத்துக்குடி மாவட்டத்தின் அரசு தலைமை மருத்துவமனை கோவில்பட்டியில் இருக்கிறது. தூத்துக்குடியில் இருப்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்த ஏற்பாட்டால் கரிசல் பக்கத்து மக்களுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. ஆனாலும் தலையில் பலத்த அடி, இதய இரத்தக்குழாயில் அடைப்பு, பாதி உடம்பு வெந்த தீக்காயம் என்று வந்தால் கோவில்பட்டியோடு பயணம் முடிவதில்லை. அங்கிருந்து திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர், தூத்துக்குடி 60, மதுரை 100. விளாத்திகுளம், புதூர் பக்கத்து உள்கிராமங்களிலிருந்து கோவில்பட்டி வந்து சேரவே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

ஆக, இந்த வட்டாரத்தில் உயிருக்குப் போராடும் ஒருவர், அவருக்கு வேண்டிய மருத்துவரைப் பார்ப்பதற்குள் ஒரு மணி நேரமாவது வண்டியில் கிடக்கிறார். அந்த ஒரு மணி நேரமும் அவர் பக்கத்தில் இருப்பது ஒரே ஒருவர்தான். 108 வண்டியின் மருத்துவ உதவியாளர்; ஊழியர்கள் பேச்சில் இஎம்டி. முன்னால் வண்டி ஓட்டுபவர் பைலட். அந்த இஎம்டி என்ன படித்தார், யார் சொல்லிக்கொடுத்தார்கள், தேர்வு வைத்தது யார், அவர் கையில் இருக்கும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? சென்னையில் இந்தக் கேள்வி பத்து நிமிடப் பயணத்துக்கு உரியது. கரிசலில் இது வாழ்வா சாவா என்ற கேள்வி.

கதையை 2005-லிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கியது. சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு தொடங்கிய இஎம்ஆர்ஐ என்ற அமைப்பு அதை நடத்தியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் 108 வந்தது. அதற்கு முன் எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் என்றால் ஸ்டாண்டில் நிற்கும் வாடகைக் கார், இல்லையென்றால் சரக்கு ஏற்றும் வேன். பின்னால் நோயாளியோடு உட்காருவது சொந்தக்காரர்கள். அடிபட்டவரைத் தோளில் சாய்த்து, தலையை மடியில் வைத்து, வழியெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கொண்டுபோவார்கள். கழுத்தெலும்பு முறிந்தவருக்கு அந்தப் பாசமே பகையாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. பயிற்சி பெற்ற ஒருவர் வண்டியிலேயே வருவார் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டின் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது 108 என்பதில் சந்தேகமே இல்லை. 2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெளியானபோது இந்தச் சேவையும் படுத்துவிடுமோ என்ற பயம் இருந்தது. ஜிவிகே குழுமம் பொறுப்பேற்றுக்கொண்டது, வண்டிகள் நிற்கவில்லை. இன்று மாநிலத்தில் 1,300-க்கும் மேற்பட்ட 108 வண்டிகள் ஓடுகின்றன. 2016-ல் பைக் ஆம்புலன்சும் சேர்ந்தது.

மருத்துவ உதவியாளருக்கான ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் அடிக்கடி வருகின்றன. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி. படித்தவர்கள் வரலாம். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்களும் வரலாம். வயது 19 முதல் 30. எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் பற்றிய நேர்முகம், பிறகு மனிதவளத் துறையின் நேர்முகம். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றிலுமாக 50 நாள் பயிற்சி. பைலட்டுக்குப் பத்து நாள். அதன் பிறகு பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, பகலோ இரவோ.

மூன்று, நான்கு ஆண்டு நோயாளிகளோடு பழகிய செவிலியருக்கு இந்த 50 நாள் போதும் என்று வாதாடலாம். நாடி பிடிக்க, ஊசி போட, மூச்சுத் திணறுவதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ள அவர் ஏற்கெனவே பழகியவர். விலங்கியல் பட்டதாரியின் நிலை அப்படியில்லை. அவர் கல்லூரியில் தவளையை அறுத்துப் பார்த்திருப்பார். வலியில் துடிக்கும் மனிதரைத் தொட்டிருக்க மாட்டார். அவருக்கு இந்த 50 நாளில்தான் எல்லாம் தொடங்குகிறது, அதிலேயே முடிந்தும் விடுகிறது. இருவரும் ஒரே இருக்கையில், ஒரே பெயரில், ஒரே பொறுப்போடு உட்காருகிறார்கள். நோயாளிக்கு எவர் வந்தார் என்பது அன்றைய ஷிப்டைப் பொறுத்தது. இது அந்தப் பட்டதாரியின் குறை அல்ல. அவர்களில் பலர் இரண்டே ஆண்டுகளில் கைதேர்ந்தவர்களாகிவிடுகிறார்கள். அந்த இரண்டு ஆண்டுப் பாடமும் நோயாளிகள் மேலேயே நடக்கிறது என்பதுதான் நம் குறை.

சந்தேகம் வந்தால் அவசர மையத்தில் உள்ள மருத்துவரிடம் போனில் கேட்டு அவர் சொற்படி நடக்க ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் மருத்துவர் கேட்கும் கேள்விக்குச் சரியான பதில் சொல்லக் கண்ணும் காதும் பழகியிருக்க வேண்டும். கண்பாவை சுருங்கியிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்று இருட்டு வண்டியில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வது போன் சொல்லிக்கொடுக்கும் காரியமல்ல.

பயிற்சியின் நீளம் மட்டுமே குறை என்றால் நாளைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம். ஆள் எடுப்பவர், சொல்லிக்கொடுப்பவர், தேர்வு வைப்பவர், சான்றிதழ் தருபவர் எல்லாம் ஒரே நிறுவனம் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். வண்டி காலியாக நிற்கிறது, ஆள் வேண்டும் என்ற நெருக்கடி உள்ள இடத்தில், தேறாதவரைத் தேறவில்லை என்று சொல்லும் துணிவு எளிதில் வராது. இன்னொன்று, அந்தச் சான்றிதழின் உயிர் வேலை இருக்கும்வரைதான். ஐந்து வருஷம் நெடுஞ்சாலையில் இரத்தம் துடைத்து, வண்டிக்குள் பிரசவம் பார்த்து, பிறகு ஏதோ காரணத்தால் வேலையை விட்ட ஒருவர் வெளியே வந்து நின்றால், வெறும் விலங்கியல் பட்டதாரியாகவே நிற்கிறார். அவர் கற்ற தொழில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மற்ற நாடுகளிலும் இது எடுத்த எடுப்பில் சரியாகிவிடவில்லை. அமெரிக்காவில் 1966-ல் வந்த ஓர் அறிக்கை, விபத்தில் அடிபட்டவர்களை ஏற்றிப்போகும் வண்டிகளின் அவலத்தைப் போட்டு உடைத்தது. அப்போது அங்கே பல ஊர்களில் சவ அடக்கம் செய்யும் நிறுவனங்களின் வண்டிகளே ஆம்புலன்சாக ஓடின. அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை பிறந்தது. இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படும் சி.பி.ஆர். முறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சஃபர், ஹில் மாவட்டம் என்ற ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில் வேலையின்றி இருந்த இளைஞர்களைத் திரட்டி, சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார். பெரிய படிப்பு இல்லாதவர்கள், பிறர் கைவிட்டவர்கள் என்று பெயர் எடுத்த அந்த இளைஞர்கள்தாம் அந்த நாட்டின் முதல் தலைமுறைப் பாராமெடிக்குகளில் இடம் பிடித்தார்கள். பின்னர் அதன் மருத்துவப் பொறுப்பாளராக வந்த டாக்டர் நான்சி கரோலைன் எழுதிய பாடம் நாடு முழுவதற்குமான பாடமாயிற்று. 1970-ல் தேசியப் பதிவு அமைப்பு ஒன்று ஏற்பட்டது. ஆம்புலன்ஸ் நடத்தாத, வேலையும் கொடுக்காத ஒரு தனி அமைப்பு தேர்வு வைக்கும். சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்.

அந்தக் கதையின் கடைசிப் பகுதி கசப்பானது. 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியதும் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய அமைப்பில் பழைய ஊழியர்கள் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். தரத்தை உயர்த்துகிறோம் என்று புதுத் தகுதி விதிக்கும்போது, அந்தத் தொழிலை உருவாக்கியவர்களையே வெளியே தள்ளும் ஆபத்து எங்கும் உண்டு. நம் நிலையைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

பக்கத்து இலங்கை இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. 2016-ல் இந்தியாவின் நிதியுதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் 1990 சுவசெரிய சேவை தொடங்கியது. அதன் முதல் ஊழியர்கள் ஹைதராபாத்தில் நம் இஎம்ஆர்ஐ-யிடம்தான் படித்தார்கள். 2018-ல் அது வட மாகாணத்துக்கும் போய் யாழ்ப்பாணத் தமிழர்களையும் எட்டியது. அதே ஆண்டு இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அந்தச் சேவைக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவியது. நம்மிடம் படித்தவர்கள் சட்டத்தின் காவலை நமக்கு முன்பே தேடிக்கொண்டார்கள்.

இந்தியாவிலும் சட்டம் வராமல் இல்லை. 2021-ல் நாடாளுமன்றம் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் தவிர மருத்துவமனையில் வேலை செய்யும் பலவகைத் தொழிலாளர்களுக்கு முதன்முறையாகப் பதிவேடு, பொதுப் பாடத்திட்டம், மாநிலக் கவுன்சில் எல்லாம் வரும் என்று அது சொன்னது. அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் அதன் அட்டவணையில் உண்டு. ஆனால் துணைநிலை மருத்துவத் தொழிலாளர் யார் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் இலக்கணத்தைப் படியுங்கள்: குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பருவங்களாகப் பிரித்து நடத்தப்படும் பட்டயமோ பட்டமோ பெற்றிருக்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் வைத்தாலும் 50 நாள் என்பது 400 மணி. சட்டம் கேட்பதில் ஐந்தில் ஒரு பங்கு. நம் கிராமத்துக்கு வரும் இஎம்டிக்கும் சட்டப் புத்தகத்தில் உள்ள தொழில்நுட்பருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இது.

நடுவில் வேறு படிப்புகள் இல்லையா என்றால், இருக்கின்றன. சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே இருக்கின்றன; ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் படி வைக்கப்படவில்லை. அடியில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தரும் முதலுதவிச் சான்றிதழ். பஸ் கண்டக்டர் உரிமத்துக்கு அதைக் கேட்பதால் எங்கள் பக்கத்து இளைஞர்கள் நிறையப் பேர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அடுத்து மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் வகுத்த அடிப்படை இஎம்டி படிப்பு. அதன் முதல் வடிவம் 240 மணி நேரம். கொரோனாவின் இரண்டாம் அலைக்குப் பிறகு 2021 ஜூனில் பிரதமர் தொடங்கி வைத்த ஒரு லட்சம் பேருக்கான அவசரப் பயிற்சியில் இருந்த ஆறு பிரிவுகளில் அவசர சிகிச்சை உதவியும் ஒன்று. அதற்கும் மேலே, அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஓராண்டு அவசர சிகிச்சை டெக்னீசியன் சான்றிதழ். கட்டணம் குறைவு, நோயாளிகள் ஏராளம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைப்போல ஒரு படிப்பு இல்லை. ஆனால் ஓராண்டு என்பதால் 2021 சட்டத்தின் அளவுகோலை இதுவும் தொடவில்லை. உச்சியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம்: மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. இது சட்டம் கேட்பதைத் தாண்டி நிற்கிறது. ஆனால் மாணவரை முதன்மையாக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தயார் செய்கிறதே தவிர, ஓடும் வண்டிக்கு அல்ல. ஹைதராபாத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2007-லிருந்து நடத்தப்பட்ட இரண்டாண்டுப் பாராமெடிக் படிப்பு வண்டிக்கென்றே உருவானது. அது ஒரு நல்ல முன்மாதிரி. விளாத்திகுளத்து வண்டிக்கு அது வந்து சேரவில்லை.

இந்தப் படிப்புகளில் ஒன்றைப் படித்தவர் அடுத்ததற்குப் போகும்போது முந்தையது கணக்கில் வராது. 240 மணி நேரம் படித்தவரும் சரி, 50 நாள் பயிற்சியோடு எட்டு ஆண்டு வண்டியில் ஓடியவரும் சரி, பட்டயம் வேண்டுமென்றால் முதல் நாள் முதல் வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

இனி, கரிசல் பூமி அந்த இஎம்டியிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். நெடுஞ்சாலை விபத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. மதுரை முதல் கன்னியாகுமரி வரையிலான நான்குவழிச் சாலை சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகப் போகிறது என்பது போதும். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்த பிறகு அந்தப் பக்கம் நிலைமை முன்னேறியிருக்கிறது. சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போனால் வேறு உலகம்.

அங்கே முதல் எதிரி பாம்பு. உளுந்து பிடுங்கும்போதும் மக்காச்சோளத் தட்டை அறுக்கும்போதும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடிக்கின்றன. வெக்கைக்குத் திண்ணையிலோ தரையிலோ பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடிக்கிறது. கட்டுவிரியன் கடி பல சமயம் வலிப்பதே இல்லை. பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலம் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள். சோடா குடித்துப் பார்ப்பார்கள். இமை தாழத் தொடங்கும். எச்சில் விழுங்க முடியாது. பிறகு மூச்சு நின்றுபோகும். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் போடப்படும். அதுவரை அவர் உயிர், கையால் அமுக்கி மூச்சுக்காற்றைச் செலுத்த இஎம்டி வைத்திருக்கும் அம்பு பையில் இருக்கிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளைத்து முகமூடியை மூக்கு வாயோடு காற்றுக் கசியாமல் அழுத்திப் பிடிக்கின்றன. மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைக் கொக்கி போட்டு மேலே தூக்குகின்றன. தூக்காவிட்டால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். மறு கை பையை அமுக்குகிறது. ஆறு வினாடிக்கு ஒரு தடவை. நெஞ்சு ஏறுகிறதா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் 600 தடவை. வண்டி பாலத்தில் குதிக்கும், வளைவில் சாயும், முதல் கால்மணியிலேயே விரல்கள் மரத்துப்போகும். பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் செய்துகாட்டித் தேறிய கைக்கும், மயக்க மருத்துவரின் பக்கத்தில் நின்று அறுவை அரங்கில் பத்துப் பதினைந்து பேருக்குப் பிடித்துப் பழகிய கைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் உயிரின் கணக்கில் வருகிறது.

விரியன் கடியில் வேறு பாடம். கடிவாய்க்கு மேல் கயிற்றால் இறுகக் கட்டிவிடுவது இன்னும் நிற்கவில்லை. கட்டாதே என்று சொல்லிக்கொடுப்பது எளிது. வண்டி போய்ச் சேரும்போது ஏற்கெனவே கட்டி முக்கால் மணி ஆகியிருந்தால்? பட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறலாம். விஷமுறிவு மருந்து தயாராக இருக்கும் இடத்தில் பார்த்து அவிழ்க்க வேண்டும். இதெல்லாம் கேட்கும் கேள்விக்கு விடை எழுதும் படிப்பில் வராது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கணக்கு எடுக்கத் தொடங்கியாயிற்று. கடிபட்டவரோடு முதலில் பயணம் செய்பவரின் படிப்பையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மருந்து. பூச்சிமருந்தை எங்கள் ஊரில் மருந்து என்றே சொல்வார்கள். பருத்திக்கு அடித்தது போக, 2018-க்குப் பிறகு மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து தெளிப்பு இன்னும் கூடிவிட்டது. வீட்டுக்குள் டப்பா இருப்பதால் ஒரு சண்டை, ஒரு கடன், ஒரு மதிப்பெண் பட்டியல் போதும். குடித்தவருக்கு உப்புத் தண்ணீரோ சாணித் தண்ணீரோ கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ஊர் வழக்கம். மயங்கும் நிலையில் உள்ளவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வாயில் நுரை, குண்டூசி முனையாய்ச் சுருங்கிய கண்பாவை, கண்ணீர், வியர்வை இவற்றைப் பார்த்ததும் இன்ன வகை மருந்து என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சளியையும் நுரையையும் விடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். மருந்து பட்ட துணியைக் களைய வேண்டும், தோலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் தனக்கே ஏறும். டப்பாவை மறக்காமல் எடுத்துவர வேண்டும். அதில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் மருந்தின் பெயரையும் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போனில் சொன்னால் அங்கே கால்மணி நேரம் மிச்சமாகும்.

மூன்றாவது நெருப்பு. கோவில்பட்டியைச் சுற்றித் தீப்பெட்டி ஆபீசுகள். வடக்கே சாத்தூர், சிவகாசிப் பக்கம் பயர் ஆபீசுகள் என்னும் பட்டாசு ஆலைகள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். புகையைப் பார்த்துவிட்டு உதவவும் பார்க்கவும் ஓடிப்போன அக்கம்பக்கத்து ஜனங்கள் அவர்களில் பலர். உள்ளே ஓடாமல் வெளியே நிற்பது எப்போது, எவ்வளவு தூரத்தில், காற்று எந்தப் பக்கம் என்று கணிப்பது இஎம்டி படிப்பின் முதல் பாடமாக இருக்க வேண்டிய ஊர் இது. பிறகு பத்துப் பேர் ஒரே நேரத்தில் கிடந்தால் யாரை முதலில் தூக்குவது என்ற தேர்வு. அலறுபவரை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போகப் பழகாத மனம் ஒப்பாது. குரல் கம்மி, மூக்குமுடி பொசுங்கியிருந்தால் உள்ளே காற்றுக்குழாயும் வெந்திருக்கிறது என்று பொருள். இப்போது பேசிக்கொண்டிருப்பவருக்கே சற்று நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். வீட்டில் மையும் பற்பசையும் பூசி அனுப்பிய புண்ணையும் பார்க்கிறார்கள். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டச் சொல்லி ஒவ்வொரு தீப்பெட்டி ஆபீசிலும் ஒரு தகடு மாட்டியிருந்தாலே பாதி வேதனை குறையும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கரிசல் மண் சக்கரத்தை விடாது. தார்ச்சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரோடு காட்டுக்குள் நடக்க வேண்டியதுதான். பிரசவ வலியில் ஏற்றிய பெண்ணுக்குப் பாதி வழியில் தலை தெரிந்தால், வண்டியை ஓரங்கட்டி, பிள்ளையை வாங்கி, துடைத்து, முதல் நிமிடத்துக்குள் அழ வைக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்கும்: தாய்க்கு இரத்தப்போக்கு. இருபத்திரண்டு வயதுப் பையன் இதைச் செய்கிறான், பெரும்பாலும் நன்றாகவே செய்கிறான். அவனுக்குப் பிரசவ வார்டில் எத்தனை நாள் நிற்க வாய்ப்புக் கொடுத்தோம் என்று நாம் கேட்க வேண்டும்.

பாம்பு, விஷம், தீக்காயம் எல்லாம் எந்த அவசர மருத்துவப் புத்தகத்திலும் இருக்கும் தலைப்புகள்தாம். தமிழ்நாடு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான டேய் (TAEI) கூட விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம், குழந்தைகள் என்று ஆறு தூண்களை வகுத்திருக்கிறது. மருத்துவமனைக்குள் இந்தப் பிரிவினை வந்துவிட்டது. வண்டிக்குள் வரவில்லை. நீலகிரிக்கும் சென்னைக்கும் விளாத்திகுளத்துக்கும் ஒரே 50 நாள் பயிற்சி.

இந்த வெற்றிடத்தில் முளைத்தவைதான் தனியார் பாராமெடிக்கல் நிலையங்கள். நல்லவை இல்லாமல் இல்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு மாடியில் இரண்டு அறை, ஒரு எலும்புக்கூடு, ஒரு பொம்மை வைத்துக்கொண்டு, எந்தப் பல்கலைக்கழகமும் எந்தக் கவுன்சிலும் கண்டிராத சான்றிதழை அச்சடித்துக் கொடுப்பவையும் பல ஊர்களில் இருக்கின்றன. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய கூலியைச் சேர்த்துவைத்து அம்மா கட்டிய பீஸ் அது. படித்து முடித்த பிள்ளை அந்தக் காகிதத்தை நீட்டும்போதுதான் செல்லாது என்று தெரிகிறது. ஒரு பொதுப் பதிவேடும் ஒரு பொதுத் தேர்வும் இருந்திருந்தால் இந்த வியாபாரம் ஒரு வருஷம் தாங்காது.

பயிற்சியை நீட்ட வேண்டும் என்பதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை லேசில் தள்ள முடியாது. இரண்டு ஆண்டு, 2,000 மணி நேரம் என்று இழுத்தால் வண்டிக்கு ஆள் எங்கே கிடைக்கும்? சம்பளம் குறைவு, ஷிப்டு நீளம். பட்டயம் பெற்றவர் மதுரையிலோ வளைகுடாவிலோ வேலை தேடிப் போய்விடுவார்; புதூர் வண்டி ஆளில்லாமல் நிற்கும். அரைகுறைப் பயிற்சியோடு ஒருவர் வருவது ஒருவருமே வராததைவிட மேலல்லவா? மேல்தான். ஆகையால் நாளையே வாசலை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாசலைத் திறந்தே வைத்துவிட்டு, உள்ளே ஏணியைப் போடுங்கள் என்கிறேன். ஐம்பது நாளில் வேலைக்கு வரட்டும். முதல் ஆறு மாதம் அனுபவமுள்ள ஒருவரோடு இரண்டாம் ஆளாக ஓடட்டும். மாதத்தில் சில நாள் கோவில்பட்டி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் பிரசவ வார்டிலும் அறுவை அரங்கிலும் நிற்கட்டும். அந்த மணி நேரங்கள் ஒரு கையேட்டில் பதிவாகி, மருத்துவர் கையெழுத்தோடு, 2,000 மணியின் கணக்கில் சேரட்டும். மூன்று, நான்கு ஆண்டுகளில் வேலை பார்த்துக்கொண்டே பட்டயத்தை எட்டலாம். ஏற்கெனவே பத்து ஆண்டு ஓடியவர்களுக்கு அனுபவத்துக்கு உரிய சலுகை கொடுத்துத் தேர்வு வைக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது.

தேர்வை வண்டி நடத்தும் நிறுவனம் வைக்கக் கூடாது. மருத்துவப் பல்கலைக்கழகமோ மாநிலக் கவுன்சிலோ வைக்க வேண்டும். சி.பி.ஆர். கற்ற கை சில மாதங்களிலேயே பழக்கம் விட்டுப்போகும் என்பதால்தான் உலகெங்கும் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு ஆண்டு ஆயுள் வைத்திருக்கிறார்கள். இஎம்டி சான்றிதழுக்கும் அதே கெடு வேண்டும். பதிவேட்டில் நிலை ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஏணி வெறும் காகிதம்தான். இதை நடத்தத் தென்மாவட்டத்தில் இடத்துக்கும் குறைவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிகள் முன்பே இருக்க, 2022 ஜனவரியில் விருதுநகரிலும் ஒன்று திறக்கப்பட்டது. கோவில்பட்டி இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. பாம்புக்கடி, பூச்சிமருந்து, வெடிவிபத்து ஆகியவற்றுக்கென்று கரிசல் பாடம் ஒன்றை வகுத்து இங்கேயே சொல்லிக்கொடுக்கலாம்.

பொதுமக்களுக்கும் ஒரு தகவல். விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். 2016-ல் உச்ச நீதிமன்றமும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவுபவருக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டன. வண்டி வரும்வரையிலான முதல் இருபது நிமிடத்துக்கு ஊரில் உள்ளவர்தான் இஎம்டி.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது இது. பணம் கட்டும் முன் அந்த நிலையத்திடம் கேளுங்கள்: சான்றிதழில் கையெழுத்துப் போடுவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்தக் கவுன்சில்? எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் அரசு மருத்துவக் கல்லூரியின் ஓராண்டுப் படிப்புக்கு விண்ணப்பியுங்கள். மதிப்பெண் இருந்தால் பி.எஸ்சி.க்கும் போடுங்கள். 108-ல் சேர்ந்துவிட்டீர்களானால், பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் பிடித்த ஒவ்வொரு அம்பு பையையும் தேதி போட்டு உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கைப் படிப்பாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு செய்துதர வேண்டும்.